தொட்டில் பருவம்: வாசகர் கேள்வி – பதில்

பிறந்தது முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைகளின் மனநலம், வளர்ச்சி பற்றி வந்த கடிதங்களுக்குக் கடலூர், புதுச்சேரி வட்டாரத்தில் வீடுகளுக்கே சென்று பணியாற்றும் குழந்தை உளவியல் ஆலோசகர் பதில் எழுதுகிறார். கடிதம் எழுதியவர்களின் பெயர்களை வெளியிடவில்லை.

கேள்வி: நான் ஓய்வு பெற்ற ஆசிரியர். ஆறு மாதக் குழந்தையின் மனநலம் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தீர்கள். பேசவே தெரியாத குழந்தைக்கு என்ன ஆலோசனை சொல்வீர்கள்? எங்கள் காலத்தில் பத்துப் பிள்ளை பெற்றவர்களுக்கு இதெல்லாம் தேவைப்படவில்லையே?
– வாசகர், மஞ்சக்குப்பம்

ஐயா, குழந்தைக்கு யாரும் ஆலோசனை சொல்வதில்லை. குழந்தையும் அதை வளர்ப்பவரும் சேர்ந்திருக்கும்போது அவர்களுக்கு நடுவில் என்ன நடக்கிறது என்று பார்ப்பதுதான் எங்கள் வேலை. தாழங்குடாவில் ஒரு வீட்டுக்குப் போகிறேன் என்றால் முதலில் தரையில் உட்காருவேன். அம்மா பால் கொடுப்பதையும், துணி மாற்றுவதையும், பாட்டி குறுக்கே வந்து குழந்தையை வாங்கிக்கொள்வதையும் பார்ப்பேன். பிறகு, கண்ணில் பட்டதைச் சொல்வேன். "நீங்கள் பேச ஆரம்பித்ததும் கால் உதைப்பதை நிறுத்திவிட்டாள், கவனித்தீர்களா?" என்று கேட்டால், பல தாய்மார்கள் அப்போதுதான் அதை முதல்முறையாகப் பார்க்கிறார்கள். தன் குரலைக் குழந்தை தனியாக அடையாளம் கண்டுகொள்கிறது என்று தெரிந்த தாய் அதன் பிறகு பேசும் விதமே வேறு.

1970களில் அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் டிரானிக் செய்த சோதனை ஒன்றைச் சொல்கிறேன். சில மாதக் குழந்தையிடம் தாய் சிரித்துக் கொஞ்சி விளையாடுகிறார். பிறகு சொல்லிவைத்தபடி முகத்தை அசையாமல் வைத்துக்கொள்கிறார். குழந்தை முதலில் சிரித்துப் பார்க்கிறது. குரல் எழுப்புகிறது, கையை நீட்டுகிறது. ஒன்றும் பலிக்கவில்லை என்றானதும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது, அழுகிறது. ஒன்றிரண்டு நிமிடத்துக்குள் இத்தனையும் நடந்துவிடும். அது கழிந்து தாய் மறுபடி சிரிக்கும்போது, கொஞ்ச நேரம் தயங்கிவிட்டு, குழந்தை அவரிடம் திரும்புகிறது. இந்தக் கடைசிப் பகுதியைத்தான் நான் பெற்றோரிடம் அழுத்திச் சொல்வேன். எந்தத் தாயும் எந்நேரமும் குழந்தையோடு ஒத்திசைந்து இருப்பதில்லை. பெரும்பகுதி நேரம் இசைவு தப்பித்தான் போகிறது. தப்பியதை மறுபடி சேர்த்துக்கொள்வதில் இருக்கிறது குழந்தையின் தைரியம்.

கைக்குழந்தை மனநலம் என்ற இந்தத் துறைக்கு வழி வகுத்தவர் அமெரிக்க உளப்பகுப்பாய்வாளர் செல்மா ஃப்ரைபெர்க். 1970களில் மிச்சிகன் மாநிலத்தில் தாய்மார்களைத் தம் அலுவலகத்துக்கு வரச் சொல்லாமல், அவரும் அவர் குழுவினரும் வீடுகளுக்கே போய்ச் சமையலறையில் அமர்ந்து பேசினார்கள். அதற்கு முன்பு அவர் பார்வையற்ற குழந்தைகளோடு பணியாற்றியவர். தன் முகத்தைப் பார்க்காத, அதிகம் சிரிக்காத குழந்தைக்குத் தன்னைப் பிடிக்கவில்லை என்று தாய் நினைத்துவிடுகிறாள். ஃப்ரைபெர்க் அந்தத் தாய்மார்களிடம், குழந்தையின் முகத்தை விட்டுவிட்டு விரல்களைப் பார்க்கச் சொன்னார். ஆசையும் தேடலும் அந்த விரல்களில் இருந்தன.

பத்துப் பெற்றவர்களுக்குத் தேவைப்படவில்லை என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன், ஐயா. அந்த வீடுகளில் அத்தை, சித்தி, பாட்டி என்று பல கைகள் இருந்தன, அது உண்மை. அதே வீடுகளில் "மந்தம்" என்று பெயர் சூட்டித் திண்ணை ஓரத்தில் உட்காரவைத்த பிள்ளைகளும், பிரசவத்துக்குப் பிறகு பேச்சு நின்றுபோன பெண்களும் இருந்தார்கள். அவர்களுக்குத் தேவைப்பட்டது. கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

கேள்வி: அன்புள்ள அக்கா, எனக்கு வயது 23. தலைப்பிரசவம், பெண் குழந்தை பிறந்து மூன்று மாதம் ஆகிறது. அம்மா வீட்டில் இருக்கிறேன். கணவர் திருப்பூரில் வேலை செய்கிறார். குழந்தையைப் பார்த்தால் எனக்குச் சந்தோஷம் வரவில்லை. காரணம் இல்லாமல் அழுகிறேன். குழந்தை தூங்கும்போதும் எனக்குத் தூக்கம் வருவதில்லை. கிணற்றடிக்குப் போனால் குழந்தை கையிலிருந்து நழுவி உள்ளே விழுவதுபோல மனத்தில் படம் ஓடுகிறது, பயந்து ஓடிவந்துவிடுகிறேன். "உனக்குப் பிள்ளையைப் பிடிக்கவே தெரியவில்லை" என்று அம்மா வாங்கிக்கொண்டு போய்விடுகிறார். நான் கெட்ட தாயா?
– வாசகி, பண்ருட்டி அருகே

இல்லை தங்கையே. நீ நோயுற்றிருக்கும் தாய். இதற்கு மருத்துவம் உண்டு, குணமாகும்.

பிரசவமான முதல் வாரத்தில் அழுகை வருவது மிகப் பல பெண்களுக்கு நேர்வது. இரண்டு வாரத்துக்குள் அது தானே அடங்கிவிட வேண்டும். மூன்று மாதமாகியும் தொடர்கிறது, குழந்தை தூங்கும்போதும் உனக்குத் தூக்கம் வரவில்லை என்றால், பேற்றுக்குப் பின் வரும் மனச்சோர்வாக இருக்க வாய்ப்பு அதிகம். இதைக் கண்டறிய எடின்பரோ அளவுகோல் என்று 10 கேள்விகள் கொண்ட தாள் ஒன்று 1987 முதல் உலகெங்கும் பயன்பாட்டில் உள்ளது. கடந்த ஏழு நாட்களில் சிரிக்க முடிந்ததா, காரணமில்லாமல் உன்னையே குறை சொல்லிக்கொண்டாயா என்பவை போன்ற கேள்விகள்தாம். ஐந்து நிமிட வேலை. தடுப்பூசி போடக் குழந்தையைக் கொண்டுபோகும் நாளில் குழந்தையின் எடையைப் பார்க்கிறார்கள். அதே நாளில் தாயிடமும் இந்தக் கேள்விகளைக் கேட்க வேண்டும் என்று நான் எல்லாக் கூட்டங்களிலும் வலியுறுத்தி வருகிறேன்.

கிணற்றடிப் படத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். உன்னை அதிகம் வதைப்பது அதுதான் என்று எழுத்தைப் பார்த்தாலே தெரிகிறது. குழந்தைக்குத் தீங்கு நேர்வதுபோலக் கேட்காமல் வந்து நிற்கும் எண்ணங்கள் புதுத் தாய்மார்கள் பலருக்கு வருகின்றன. யாரிடமும் சொல்லாமல் விழுங்குகிறார்கள். நீ அந்தப் படத்தைக் கண்டு பயந்து ஓடிவருகிறாய். உன் மனம் அதை வெறுக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி. எண்ணம் வந்தது என்பதாலேயே நீ அதைச் செய்துவிடப் போகிறாய் என்று பொருள் இல்லை. மருத்துவரிடம் இதை மறைக்காமல் சொல்.

ஆனால், வேறு சில அறிகுறிகள் இருந்தால் ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது. இதை உன் அம்மா படிக்க வேண்டும். நாள் கணக்கில் தூங்காமலே சுறுசுறுப்பாக இருப்பது, யாரோ காதில் கட்டளையிடுவதாகச் சொல்வது, இது என் குழந்தையே இல்லை, இதற்குள் வேறு ஏதோ புகுந்திருக்கிறது என்று நம்புவது, தன் உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வருவது – இவற்றில் எது தெரிந்தாலும் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். தாயையும் குழந்தையையும் தனியே விடாதீர்கள். மந்திரிப்பதற்கு அலைந்து நேரம் போக்காதீர்கள்.

நீ செய்ய வேண்டியது: கடலூர் அரசுத் தலைமை மருத்துவமனையிலோ புதுச்சேரி ஜிப்மரிலோ மனநலப் பிரிவுக்குப் போ. இரத்தசோகை இருக்கிறதா, தைராய்டு சரியாக இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல். பிரசவத்துக்குப் பின் தைராய்டு மாறினாலும் சோர்வும் படபடப்பும் வரும். மருந்து தந்தால், பால் கொடுக்கிறேன் என்று சொல்லிவிடு. தாய்ப்பால் கொடுத்துக்கொண்டே சாப்பிடக்கூடிய மனச்சோர்வு மருந்துகள் இருக்கின்றன. பால் கெட்டுவிடும் என்று யார் சொன்னாலும் நீயாக மருந்தை நிறுத்தாதே. உடனே பஸ் ஏற முடியாவிட்டால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணை, அதாவது அரசின் மனநல உதவி எண்ணை, அழைக்கலாம். கட்டணம் இல்லை, இரவிலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.

தூக்கத்தையும் ஒரு மருந்தாகவே நினைத்துக்கொள். இரவில் ஒரு நான்கைந்து மணி நேரம் தொடர்ந்து உறங்க ஏற்பாடு வேண்டும். நீ பால் கொடுத்து முடித்ததும் ஏப்பம் விடவைப்பதும் தாலாட்டுவதும் அம்மாவின் முறை. கணவர் வாரக் கடைசியில் வந்தால் அந்த இரவுகள் அவருடையவை.

குழந்தையோடு நாள் முழுவதும் கொஞ்சிக்கொண்டிருக்க வேண்டாம். எண்ணெய் தேய்க்கும் நேரத்தை மட்டும் உனக்கென்று வைத்துக்கொள். பத்து நிமிடம் போதும். காலை நீவும்போது அவள் உன் முகத்தைப் பார்ப்பாள், பிறகு பார்வையைத் திருப்பிக்கொள்வாள். அப்படித் திருப்பினால் உன்னைப் பிடிக்கவில்லை என்று நினைத்துவிடாதே. கைக்குழந்தை அப்படித்தான் இளைப்பாறும். சும்மா இரு, மறுபடி வருவாள். சந்தோஷம் வரவில்லையே என்று உன்னை நீயே சோதித்துக்கொண்டிருக்காதே. கை தன் வேலையைச் செய்யட்டும், மனம் மெதுவாக வந்து சேரும்.

உன் அம்மாவுக்கு: அம்மா, உங்கள் மகள்மீது உங்களுக்குள்ள பாசத்தில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால், அவள் கையிலிருந்து குழந்தையை வாங்காதீர்கள். பாத்திரத்தை வாங்குங்கள், துணியை வாங்குங்கள், வீட்டுக்கு வருகிறவர்களின் கேள்விகளையும் நீங்களே வாங்கிக்கொள்ளுங்கள். குழந்தை அவள் மடியில் இருக்கட்டும், நீங்கள் அவள் பக்கத்தில் இருங்கள்.

கேள்வி: பேத்தி எழுத, நான் சொல்கிறேன். என் பேரனுக்கு இரண்டு வயது இரண்டு மாதம். இன்னும் பேச்சு வரவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை. டிவியில் விளம்பரம் வந்தால் எங்கிருந்தாலும் ஓடிவருகிறான். வேண்டியதைக் கை நீட்டிக் காட்ட மாட்டான். என் கையைப் பிடித்து இழுத்துப்போய் டப்பாவின் மேல் வைப்பான். போன் இல்லாமல் சோறு இறங்காது. அங்கன்வாடியில் மருத்துவமனைக்குப் போகச் சொல்கிறார்கள். "நானும் நான்கு வயதில்தான் பேசினேன், பிள்ளைக்கு முத்திரை குத்தாதீர்கள்" என்கிறான் மகன். மருமகள் போனைக் கொடுத்துக் கெடுத்துவிட்டாள் என்கிறேன் நான். எது சரி?
– ஒரு பாட்டி, தேவனாம்பட்டினம்

அங்கன்வாடியில் சொன்னதுதான் சரி, அம்மா. உங்கள் கடிதத்திலேயே நான் கேட்க நினைத்த விவரங்கள் எல்லாம் இருக்கின்றன. பேச்சைவிட உங்கள் மற்ற இரண்டு வரிகளே என்னை நிமிர்ந்து உட்காரவைத்தன. பெயர் சொன்னால் திரும்புவது ஒன்பது மாத வாக்கில் வந்துவிட வேண்டும். "அதோ பார்" என்று விரல் நீட்டிக் காட்டுவது ஒன்றரை வயதுக்குள் வர வேண்டும். வேண்டியதைக் கேட்பதற்கு மட்டுமல்ல, காக்காயைக் கண்டால் உங்களுக்கும் காட்டுவதற்காக. இரண்டு வயதில் "அம்மா வா", "பால் தா" என்று இரண்டு சொற்களைச் சேர்க்க வேண்டும். பேச்சு மட்டும் தாமதமாகி, காட்டுவதும் கண் பார்த்துச் சிரிப்பதும் புரிந்துகொள்வதும் இருந்தால் ஒரு வகை. காட்டுவதே இல்லை என்றால் வேறு வகை. உங்கள் மகன் நான்கு வயதில் பேசினார் என்றால், அதற்கு முன் அவர் விரல் நீட்டிக் காட்டினாரா என்று நினைத்துப் பாருங்கள். பெற்றவர் நீங்கள், உங்களுக்குத்தான் தெரியும்.

இது ஆட்டிசமா, அதாவது பிறரோடு பழகுவதும் பேசுவதும் வேறுபட்டிருக்கும் வளர்ச்சி நிலையா என்று கடிதத்தை வைத்து நான் சொல்ல மாட்டேன். நேரில் பார்க்காமல் யாரும் சொல்லக் கூடாது. முதலில் காது சோதனை. விளம்பரச் சத்தத்துக்கு ஓடிவருகிறானே, காது எப்படிக் கேட்காமல் போகும் என்று நினைக்காதீர்கள். சில ஒலிகள் மட்டும் கேட்டு, பேச்சொலி தெளிவாகக் கேட்காத குழந்தைகள் உண்டு. உறங்கும்போதே செய்யக்கூடிய சோதனை. ஊசி இல்லை, வலி இல்லை. அடுத்து வளர்ச்சி மதிப்பீடு. 2013இல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தில் மாவட்டந்தோறும் ஆரம்பநிலை இடையீட்டு சேவை மையம் உள்ளது. மருத்துவர், பேச்சுப் பயிற்சியாளர், இயன்முறை சிகிச்சையாளர், சிறப்பு ஆசிரியர், உளவியலாளர் எல்லோரும் ஒரே இடத்தில் பார்ப்பதற்காக ஏற்படுத்தியது. கட்டணம் கிடையாது. அரசுத் தலைமை மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவில் கேட்டால் வழி காட்டுவார்கள்.

முத்திரை பற்றி உங்கள் மகனிடம் இதைப் படித்துக் காட்டுங்கள். தம்பி, பயிற்சி தொடங்கச் சான்றிதழ் எதுவும் தேவையில்லை. நோயின் பெயர் முடிவாகும் வரை காத்திருக்கவும் தேவையில்லை. ஒருவேளை பிள்ளை தானாகவே பேசிவிடுபவனாக இருந்தால், சில மாதம் அவனோடு கூடுதலாக விளையாடினோம் என்பதோடு முடிந்தது, நட்டம் ஏதுமில்லை. உதவி தேவைப்படுபவனாக இருந்து நீங்கள் நான்கு வயது வரை காத்திருந்தால், மூளை மிக வேகமாக வளரும் காலத்தை இழந்திருப்பான். இரண்டில் எந்தத் தவற்றைத் தாங்க முடியும் என்று யோசியுங்கள்.

இப்போது உங்கள் மருமகள். போன் ஆட்டிசத்தை உண்டாக்குவதில்லை, அம்மா. முதலிலேயே விரல் நீட்டாத, முகம் பார்க்காத குழந்தை போனில் எளிதாக ஒட்டிக்கொள்கிறது. வேறு எதிலும் அமைதியாகாத குழந்தையோடு நாள் முழுவதும் தனியே இருந்தவள் கையில் கிடைத்ததைக் கொடுத்தாள். அவளைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினால், பயிற்சிக்கு அவளே வர மாட்டாள். வந்தாலும் தலை குனிந்து உட்காருவாள். இந்தப் பயிற்சியில் பெரும்பங்கு தாயின் கையில்தான் இருக்கிறது. அவளை உடைத்துவிட்டுக் குழந்தையைச் சீராக்க முடியாது. இதை நான் எந்த வீட்டிலும் விட்டுக்கொடுத்துப் பேசியதில்லை.

அதற்காகப் போன் இருக்கட்டும் என்று சொல்லவில்லை. இரண்டு வயதுக்குக் கீழே திரையே வேண்டாம் என்பது மருத்துவர்களின் பொதுவான அறிவுரை. அதற்கு மேல் நான்கு வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, குறைந்தால் இன்னும் நல்லது என்பது 2019இல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. போன் முன்னே ஓடும் நேரமெல்லாம் மனித முகம் பார்க்காத நேரம்; அதுதான் நட்டம். ஒரே நாளில் பிடுங்காதீர்கள். முதலில் காலைச் சாப்பாட்டில் மட்டும் போன் இல்லை. குறைவாகச் சாப்பிடுவான், அழுவான். வீட்டில் எல்லோரும் ஒரே முடிவில் நில்லுங்கள். சில நாட்களில் அடங்கும். பிறகு மதியம்.

பயிற்சியில் என்ன செய்வார்கள் என்று கேட்டால் பலருக்கு ஏமாற்றமாகக்கூட இருக்கும்; விளையாட்டுப்போலவே தெரியும். அவன் கண் மட்டத்துக்குக் கீழே உட்காருங்கள். அவன் எதை எடுத்தாலும் அதைப் பற்றியே ஒரு சொல் சொல்லுங்கள். "இது என்ன? சொல்லு, சொல்லு" என்று தேர்வு வைக்காதீர்கள். ஊஞ்சலில் ஆட்டிவிட்டு நடுவில் நிறுத்துங்கள். அவன் உங்கள் முகத்தைப் பார்க்கும் வரை காத்திருந்து, பார்த்ததும் "ஆடு!" என்று சொல்லி ஆட்டுங்கள். உங்களுக்குக் கடற்கரை வாசலிலேயே இருக்கிறது. அலை வரும்போது கையைப் பிடித்துக்கொண்டு "வருது... வருது..." என்று இழுத்துச் சொல்லி, நிறுத்தி, அவன் முகம் பாருங்கள். நூறு முறை செய்தாலும் அலுக்காத விளையாட்டு அது. வாரத்தில் ஒருமுறை முக்கால் மணி நேரம் மையத்தில் பார்ப்பவரால் செய்ய முடியாததை, மணலில் நாள்தோறும் நீங்கள் செய்துவிடலாம். உங்கள் மகனுக்கும் கடலிலிருந்து திரும்பித் தூங்கி எழுந்தபின் இதற்கு நேரம் இருக்கும்.

நாக்கில் வசம்பு உரசுவதும், கோயில் மணி கழுவிய நீரைக் கொடுப்பதும் பேச்சைக் கொண்டுவராது. வசம்பை உள்ளுக்குக் கொடுக்காதீர்கள். வீட்டில் கைக்குழந்தை வேறு இருந்தால், ஒரு வயது வரை தேன் தொட்டு வைக்கவே கூடாது. அதில் இருக்கக்கூடிய ஒரு கிருமி, கைக்குழந்தையின் குடலில் நரம்பைத் தாக்கும் நஞ்சை உண்டாக்கலாம்.

கேள்வி: வேலைக்குத் திரும்பிவிட்டேன். பத்து மாத மகனைக் காப்பகத்தில் விட்டால் கதறுகிறான். அவன் பார்க்காதபோது நழுவி வந்துவிடும்படி அங்கே சொல்கிறார்கள்.
– வாசகி, நெல்லித்தோப்பு, புதுச்சேரி

நழுவாதீர்கள். எட்டு மாதத்திலிருந்து ஒன்றரை வயது வரை, பிரிவுக்கு அழுவது நல்ல பிணைப்பின் அடையாளம். சொல்லாமல் மறைந்தால், நீங்கள் எப்போது வேண்டுமானாலும் மறையக்கூடியவர் என்று கற்றுக்கொண்டு, வீட்டிலும் காலைக் கட்டிக்கொள்வான். ஒரே மாதிரி ஒரு முத்தம், ஒரே வாக்கியம், பிறகு கிளம்பிவிடுங்கள். வாசலில் நின்று திரும்பத் திரும்ப எட்டிப் பார்க்க வேண்டாம். காப்பகத்தில் நீங்கள் வற்புறுத்த வேண்டியது ஒன்றுதான்: காலையில் அவனை வாங்கும் கைகள் தினமும் ஒருவருடையதாகவே இருக்கட்டும். நீங்கள் போன சில நிமிடங்களில் அவன் சமாதானமாகிறானா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வாரங்கள் கடந்தும் நாள் முழுக்க அழுகிறான், சாப்பிடுவதில்லை என்றால் அந்த இடத்தை மாற்றுங்கள்.

கேள்வி: சவூதியில் வேலை. மகன் பிறந்தபோது வந்தவன், இப்போது அவனுக்கு 19 மாதம் ஆகும்போது விடுப்பில் வந்திருக்கிறேன். தினமும் வீடியோவில் பேசியிருக்கிறேன். போனைக் காட்டி "வாப்பா" என்கிறான். நேரில் என்னைக் கண்டால் அலறி உம்மம்மாவின் பின்னால் ஒளிகிறான். உறவுக்காரர்கள் சிரிக்கிறார்கள். என்னால் தாங்க முடியவில்லை. விடுப்பு முடிய இன்னும் ஏழு வாரம்.
– வாசகர், பரங்கிப்பேட்டை

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன், சகோதரரே. அவன் போனைக் காட்டி அந்தச் சொல்லைச் சொல்கிறான் என்றால், நீங்கள் தினமும் பேசியது வீண்போகவில்லை. உங்கள் குரலும் முகமும் அவனுக்குத் தெரியும். ஆனால், அவன் அறிந்த வாப்பா உள்ளங்கை அளவுதான். அவருக்கு மணம் இல்லை, எடை இல்லை, தூக்குவதில்லை. திடீரென்று ஆளுயர மனிதர் ஒருவர் அந்தக் குரலோடு வாசலில் நிற்கிறார். இந்த வயதில் அலறாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

வாங்கித் தூக்காதீர்கள். யாரும் அவனை உங்கள் கையில் திணிக்கவும் விடாதீர்கள். "வாப்பாவிடம் போகாவிட்டால் சோறு இல்லை" என்பது போன்ற பேச்சை அன்பாக, ஆனால் உறுதியாக நிறுத்துங்கள். முதல் வாரம் அவன் உம்மம்மா இருக்கும் அறையில், தரையில், சற்றுப் பக்கவாட்டில் திரும்பி உட்காருங்கள். நேருக்கு நேர் உற்றுப் பார்க்காதீர்கள். வீடியோவில் பாடும் பாட்டு ஏதாவது இருந்தால் அதையே முணுமுணுத்துக்கொண்டு கிண்ணங்களை அடுக்குங்கள். அவன் ஒரு கிண்ணத்தைத் தட்டிவிட்டு ஓடுவான். ஓடட்டும். அதுதான் முதல் பேச்சு. திரும்பி வந்து தட்டுவான். அவன் உங்களைத் தொடும் முன் நீங்கள் அவனைத் தொட வேண்டாம்.

அடுத்த வாரம் வேலைகளில் சேருங்கள். குளிக்கவைப்பது உம்மா, தண்ணீர் ஊற்றுவது நீங்கள். சோறு ஊட்டுவது உம்மம்மா, கை கழுவிவிடுவது நீங்கள். ஏழு வாரம் நல்ல கால அளவு. கவலைப்படாதீர்கள்.

திரும்பிப் போகும் நாள் பற்றியும் இப்போதே யோசியுங்கள். தூங்கும்போது கிளம்பிவிடாதீர்கள். விடியற்கால விமானமாக இருந்தாலும் எழுப்பிச் சொல்லிவிட்டுப் போங்கள். நீங்கள் உடுத்திய, துவைக்காத சட்டை ஒன்றை வீட்டில் விட்டுச் செல்லுங்கள். நீங்கள் போன பிறகு சில நாட்கள் அவன் போனில் உங்களைப் பார்க்க மறுக்கலாம். அது கோபம். கோபப்படும் அளவுக்கு நீங்கள் அவனுக்கு நெருங்கிவிட்டீர்கள் என்று எடுத்துக்கொள்ளுங்கள், அழைப்பதை நிறுத்திவிடாதீர்கள்.

கேள்வி: எட்டாம் மாதத் தொடக்கத்திலேயே பிறந்த குழந்தை. இப்போது ஆறு மாதம். எதிர்வீட்டுக் குழந்தை உட்காருகிறது, இவள் உட்காரவில்லை.
– வாசகி, நெல்லிக்குப்பம்

குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு, பிறந்த நாளிலிருந்து கணக்குப் போடக் கூடாது. பிறந்திருக்க வேண்டிய நாளிலிருந்து போட வேண்டும். இரண்டு மாதம் முன்னதாகப் பிறந்தவளை இன்று நான்கு மாதக் குழந்தையாகப் பாருங்கள். நான்கு மாதத்தில் தலை நின்றால் போதும். இரண்டு வயது வரை இந்தக் கணக்குதான். தடுப்பூசிக்கு மட்டும் பிறந்த நாளே கணக்கு. விழித்திரைச் சோதனையும் காது சோதனையும் முடிந்துவிட்டனவா என்று அட்டையைப் பாருங்கள். முடியவில்லை என்றால் இந்த வாரமே போய்விடுங்கள். உடல் விறைப்பாகவோ துணிபோலத் தொய்வாகவோ இருந்தாலும், ஒரு பக்கக் கையை மட்டும் பயன்படுத்தினாலும் வயதுக் கணக்குப் பார்க்காமல் உடனே காட்டுங்கள்.

கேள்வி: 2024 ஃபெஞ்சல் புயலின்போது தென்பெண்ணை வெள்ளம் வீட்டுக்குள் புகுந்தது. மகளுக்கு அப்போது ஒன்றே கால் வயது. தோளில் தூக்கிக்கொண்டு வெளியேறினோம். இப்போது இரண்டரை. மழை இரைந்தாலே உடல் நடுங்கி என்மேல் ஏறிக்கொள்கிறாள். அந்த வயதில் நடந்தது நினைவிருக்குமா?
– வாசகர், குண்டு உப்பலவாடி

கதையாக நினைவிருக்காது. உடம்பில் இருக்கும். மழைச் சத்தம், இருட்டு, உங்கள் நெஞ்சு படபடத்தது எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து பதிந்திருக்கும். சுனாமிக்குப் பின் இந்தக் கரையோரக் குப்பங்களில் பணியாற்றியபோது நான் கவனித்தது ஒன்று உண்டு. பெற்றோர் தங்கள் பயத்தைப் பேசத் தொடங்கிய வீடுகளில் குழந்தைகள் சீக்கிரம் தேறினார்கள். மழை வரும்போது நீங்களும் எழுந்து ஆற்றுப் பக்கம் பார்க்கிறீர்களா? அவள் மழையைப் பார்ப்பதற்கு முன் உங்கள் முகத்தைப் பார்க்கிறாள். உங்களுக்கும் தூக்கம் கெடுகிறது என்றால் முதலில் நீங்கள் ஆலோசனை பெறுங்கள்.

அவளிடம் "பயப்படாதே" என்று சொல்ல வேண்டாம். "அன்றைக்கு நிறைய தண்ணீர் வந்தது. அப்பா உன்னைத் தூக்கிக்கொண்டேன். மேட்டுக்குப் போனோம். பிறகு வீட்டுக்கு வந்தோம்" என்று சின்னக் கதையாக, முடிவோடு சொல்லுங்கள். வெயில் நாளில் பூவாளியால் செடிக்குத் தண்ணீர் ஊற்றவிடுங்கள். பொம்மையை மழையிலிருந்து காப்பாற்றும் விளையாட்டை அவளாகவே தொடங்கினால் குறுக்கிடாதீர்கள். எத்தனை முறை வேண்டுமானாலும் விளையாடட்டும்.

கேள்வி: நான் அங்கன்வாடிப் பணியாளர். என் மையத்தில் ஒரு குழந்தைக்கு உதவி தேவை என்று எனக்கு உறுதியாகத் தெரிகிறது. அம்மாவிடம் சொன்னேன், மறுநாளிலிருந்து குழந்தையை அனுப்புவதையே நிறுத்திவிட்டார். எப்படிச் சொல்லியிருக்க வேண்டும்?
– வாசகி, குறிஞ்சிப்பாடி

நீங்கள் கவனித்ததே பெரிய காரியம், சகோதரி. நடமாடும் மருத்துவக் குழு ஆண்டுக்கு இரண்டு முறைதான் அங்கன்வாடிக்கு வருகிறது. குழந்தையை நாள்தோறும் பார்ப்பவர் நீங்கள்.

அந்தத் தாய்க்கு உங்கள் சொல் ஆச்சரியமாக இருந்திருக்காது. இரவில் அவர் தனியாக யோசித்துப் பயந்ததையே நீங்கள் பகலில், வாசலில், மற்ற அம்மாக்கள் நிற்கும்போது உரக்கச் சொன்னதாக அவருக்குத் தோன்றியிருக்கும். ஆகையால், இப்போது அந்தப் பேச்சை எடுக்காமல் ஒருமுறை வீட்டுக்குப் போய் வாருங்கள். சத்துமாவு கொடுக்க வந்தேன் என்று போனால் போதும். குழந்தைக்கு எது பிடிக்கும், எப்படித் தூங்குகிறான், யார் தூக்கினால் அழுகை நிற்கிறது என்று கேளுங்கள். பதில் சொல்லும்போதே அவர் தம் கவலையைத் தொடுவார். தொட்டதும் பாய்ந்து பிடிக்காதீர்கள். "உங்களுக்கு என்ன தோன்றுகிறது?" என்று மட்டும் கேட்டு நிறுத்துங்கள்.

நோயின் பெயர் எதையும் உச்சரிக்காதீர்கள். அது உங்கள் வேலையும் இல்லை, என் வேலையும் பல நேரம் இல்லை. பார்த்ததைச் சொல்லுங்கள். "கூப்பிட்டால் திரும்பவில்லை, காது ஒருமுறை பார்த்துவிடலாம்" என்று தொடங்கலாம். காது சோதனை என்றால் எந்தக் குடும்பமும் மிரள்வதில்லை. மாமியாரிடம் நீங்களே சொல்ல வேண்டுமா, தாயே சொல்வாரா என்று அவரைக் கேட்டு முடிவு செய்யுங்கள். அவருக்குத் தெரியாமல் வீட்டில் வேறு யாரிடமும் பேசாதீர்கள்.

கிராம சுகாதார செவிலியரிடம் கலந்து, போக வேண்டிய நாள், பிரிவு, கொண்டுபோக வேண்டிய தாய் சேய் நல அட்டை எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். முடிந்தால் அன்று கூடவே பஸ் ஏறுங்கள். முடியாவிட்டால் மாலையில் வீட்டுக்குப் போய், டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்பதற்கு முன், அவர் மதியம் சாப்பிட்டாரா என்று கேளுங்கள்.